இரண்டு வருட கிரீன் கார்டு: மனைவிக்கும் அவருடைய பிள்ளைக்கும் நிபந்தனை நீங்குவது எப்படி?

அமெரிக்கத் தமிழர்கள் கூடும் வார இறுதி விருந்துகளில் கிரீன் கார்டு பேச்சு வராமல் போகாது. அதுவும் கல்யாணம் வழியாக வந்த கிரீன் கார்டு என்றால் ஆளுக்கொரு சட்டம் சொல்வார்கள். "ரெண்டு வருஷம் சேர்ந்து இருந்துட்டா போதும், அப்புறம் ஒண்ணும் பயமில்ல." "ரெண்டு வருஷம் கழிச்சு ரின்யூ பண்ணணும், அவ்வளவுதான்." "டைவர்ஸ் ஆச்சுன்னா அன்னைக்கே ஊருக்கு அனுப்பிடுவான்." "பிள்ளைக்குத் தனியா எதுவும் வேண்டாம், அம்மாவுக்கு வந்தா அதுக்கும் வந்துடும்." நாலுமே தவறு. கடைசியாகச் சொன்னது மட்டும் பாதி சரி. அதனால்தான் அதை நம்பி மாட்டிக்கொள்கிறவர்கள் அதிகம்.

விளக்குவதற்கு ஒரு குடும்பத்தைக் கற்பனை செய்துகொள்வோம். கோயம்புத்தூரில் விவாகரத்தான ஒரு பெண், அவருக்கு எட்டு வயதில் ஒரு பையன். 2022 நவம்பரில் நியூ ஜெர்சியில் இருக்கும் அமெரிக்கக் குடிமகன் ஒருவரை மறுமணம் செய்கிறார். கணவர் தன் மனைவிக்கு ஒரு மனு, பையனுக்கு ஒரு மனு என்று இரண்டு போடுகிறார். அமெரிக்கக் குடிமகன் மனைவிக்குப் போடும் மனுவில் பிள்ளை தானாக ஒட்டிக்கொள்ளாது. அவனுக்குத் தனி மனு வேண்டும். பிள்ளைக்கு 18 வயது ஆவதற்குள் கல்யாணம் நடந்திருந்தால் சட்டத்தின் கண்ணில் அவன் கணவருக்கும் பிள்ளைதான். இந்தக் கதையில் கணவன் மனைவி இடம் மாறினாலும், மனைவி குடிமகளாக இருந்து கணவர் வந்தாலும், விதிகள் இவையே.

அட்டையை எடுத்துப் பாருங்கள்

அம்மாவும் பையனும் மும்பை துணைத்தூதரகத்தில் நேர்காணல் முடித்து விசா வாங்கி, ஆளுக்கொரு நாளில் விமானம் ஏறி நியூவர்க்கில் இறங்குகிறார்கள். சில வாரங்களில் கிரீன் கார்டு தபாலில் வருகிறது. அதில் "ரெசிடென்ட் சின்ஸ்" என்று ஒரு தேதி, "கார்டு எக்ஸ்பயர்ஸ்" என்று இன்னொரு தேதி. இரண்டுக்கும் நடுவில் பத்து வருடம் இருந்தால் இந்தக் கட்டுரை உங்களுக்கு இல்லை. இரண்டே வருடம் இருந்தால் அது நிபந்தனைக் கிரீன் கார்டு. சட்டப்படி "நிபந்தனைக்குட்பட்ட நிரந்தர வாசம்". அட்டையில் வகைக் குறியீடும் இருக்கும். வெளிநாட்டிலிருந்து விசா வாங்கி வந்த துணைக்கு சி.ஆர்.1, துணையின் பிள்ளைக்கு சி.ஆர்.2. அமெரிக்காவிலேயே இருந்துகொண்டு வாங்கினால் சி.ஆர்.6, சி.ஆர்.7.

யாருக்கு இரண்டு வருட அட்டை, யாருக்குப் பத்து வருட அட்டை? கிரீன் கார்டு அந்தஸ்து கிடைக்கும் நாளில் கல்யாணமாகி இரண்டு வருடம் நிறைந்திருக்கிறதா என்பதுதான் கேள்வி. வெளிநாட்டிலிருந்து வருகிறவர்களுக்கு அந்த நாள் என்பது அமெரிக்க விமான நிலையத்தில் இறங்கும் நாள். விசா கையில் கிடைத்த நாள் அல்ல. விசா கிடைத்தபோது கல்யாணமாகி இருபத்து மூன்று மாதம்தான் ஆகியிருந்தாலும், இரண்டாவது கல்யாண நாள் கழிந்தபின் வந்து இறங்கினால் நிபந்தனையே கிடையாது. விசாவில் சி.ஆர்.1 என்று அச்சாகியிருந்தால் விமான நிலைய அதிகாரியிடம் கல்யாணச் சான்றிதழைக் காட்டிச் சொல்ல வேண்டும். இது தெரிந்தவர்கள் சிலர், விசாவின் காலக்கெடு இடம் கொடுத்தால், பயணத்தை ஒரு மாதம் தள்ளிப்போட்டு இந்தத் தலைவலி முழுவதையும் தவிர்த்துவிடுகிறார்கள். நம் குடும்பத்துக்கு அந்த வாய்ப்பு இல்லை.

தகுதிகாண் பருவம்

தமிழ்நாட்டில் அரசு வேலையில் சேர்ந்தவர்களுக்கு இதைப் புரியவைப்பது சுலபம். ஆசிரியராகச் சேர்கிறீர்கள். முதல் நாளிலிருந்தே முழுச் சம்பளம், அதே வகுப்பறை, அதே அதிகாரம். ஆனாலும் தகுதிகாண் பருவம் முடித்ததாக ஓர் ஆணை வர வேண்டும். வராதவரை பணிப் பதிவேட்டில் ஒரு வரி குறைகிறது.

நிபந்தனைக் கிரீன் கார்டும் அப்படித்தான். எந்த முதலாளியிடமும் வேலை செய்யலாம், வெளிநாடு போய் வரலாம், வீடு வாங்கலாம், பிள்ளை பள்ளிக்குப் போகலாம். பத்து வருட அட்டைக்காரருக்கு உள்ள உரிமைகளில் எதுவும் குறைவதில்லை. பின்னால் குடியுரிமைக்கு விண்ணப்பிக்கும்போது இந்த இரண்டு வருடமும் கணக்கில் சேரும். இதை "டெம்பரரி கிரீன் கார்டு" என்று சொல்வது அதனால்தான் தவறு. வாசம் நிரந்தரம், அதோடு ஒரு நிபந்தனை ஒட்டியிருக்கிறது.

ஆனால் அரசு வேலை உவமை இரண்டு இடத்தில் உதைக்கிறது. அங்கே கோப்பை நகர்த்துவது அலுவலகத்தின் வேலை. இங்கே நினைவூட்டல் வரும் என்று நம்பி இருக்க முடியாது; நீங்களே மனுப் போட வேண்டும். போடாமல் விட்டால் இரண்டாவது வருடம் நிறையும் நாளில் அந்தஸ்து தானாகவே முடிந்துவிடும். இரண்டாவது வேறுபாடு இன்னும் பெரியது. தகுதிகாண் பருவத்தில் நீங்கள் எப்படி வேலை பார்த்தீர்கள் என்று பார்ப்பார்கள். இங்கே கல்யாண வாழ்க்கை எப்படிப் போனது என்பது அல்ல கேள்வி. அதை அடுத்துப் பார்ப்போம்.

இதுவரை சொன்னது: கிரீன் கார்டு கிடைத்த நாளில் கல்யாணத்துக்கு இரண்டு வயது ஆகவில்லை என்றால் அட்டை நிபந்தனையோடு வரும். உரிமைகள் முழுமையானவை. நிபந்தனையை நீக்கும் பொறுப்பு உங்களுடையது.

சட்டம் கேட்கும் ஒரே கேள்வி

இந்த நிபந்தனை 1986இல் வந்தது. கிரீன் கார்டுக்காகவே போலிக் கல்யாணங்கள் நடக்கின்றன என்ற கூச்சல் அப்போது பெரிதாக இருந்தது. குடியேற்றத் துறை அமெரிக்க செனட்டின் விசாரணையில், இப்படி வரும் கல்யாணங்களில் 30 விழுக்காடு சந்தேகத்துக்குரியவை என்ற கணக்கை முன்வைத்தது. அந்தக் கணக்கெடுப்பு முறையாக எடுக்கப்பட்டதல்ல என்பது பின்னால் நீதிமன்றத்தில் வெளியே வந்தது. ஆனால் அதற்குள் சட்டம் நிறைவேறிவிட்டது: 1986 நவம்பர் 10இல் அதிபர் ரீகன் கையெழுத்திட்டார். தவறான புள்ளிவிவரம் போனது, சட்டம் நின்றது.

சட்டத்தின் கேள்வி இதுதான்: நீங்கள் இருவரும் கல்யாணம் செய்துகொண்ட அன்று, சேர்ந்து வாழ வேண்டும் என்ற எண்ணத்தோடுதான் செய்துகொண்டீர்களா? இதை "நல்லெண்ணத் திருமணம்" என்கிறது சட்டம். கவனியுங்கள், கேள்வி தொடக்கத்தைப் பற்றியது. கல்யாணம் நிலைத்ததா, சண்டை வந்ததா, பிரிந்தீர்களா என்பதெல்லாம் அந்தத் தொடக்கத்து எண்ணத்துக்குச் சாட்சியாகவே பார்க்கப்படும். உண்மையான கல்யாணமும் ஒன்றரை வருடத்தில் முறியலாம். போலிக் கல்யாணமும் ஐந்து வருடம் காகிதத்தில் இருக்கலாம். முதலாவதில் நிபந்தனை நீங்கும்; இரண்டாவதில் நீங்கக் கூடாது.

விருந்தில் கேட்ட முதல் வாக்கியமும் மூன்றாவது வாக்கியமும் இந்த ஒரு விஷயம் தெரியாததால் வருபவை. "ரெண்டு வருஷம் சேர்ந்து இருந்தா போதும்" என்பது சரியல்ல, ஏனென்றால் நாட்களை எண்ணும் தேர்வு இல்லை இது. "டைவர்ஸ் ஆனா போச்சு" என்பதும் சரியல்ல. போலிக் கல்யாணம் என்று முடிவானால் மட்டும் கதை வேறு. அப்புறம் வேறொருவரை உண்மையாகவே மணந்தாலும் அந்த வழியில் கிரீன் கார்டு மனு ஏற்கப்படாது. குற்ற வழக்கானால் ஐந்து வருடம் வரை சிறையும் 2,50,000 டாலர் வரை அபராதமும் உண்டு.

ஐ-751: எப்போது, எவ்வளவு

நிபந்தனையை நீக்கக் கேட்கும் மனுவின் பெயர் ஐ-751. வழக்கமான நிலையில் கணவன் மனைவி இருவரும் சேர்ந்து கையெழுத்திட்டுப் போடுவது இது. அதைத்தான் கூட்டு மனு என்கிறோம். பத்து வருட அட்டையைப் புதுப்பிக்கும் ஐ-90 வேறு. "ரின்யூ" என்ற சொல்லை நம்பி ஐ-90 போட்டுவிட்டுப் பணத்தையும் நாளையும் தொலைப்பவர்கள் இன்னும் இருக்கிறார்கள். இரண்டு வருட அட்டைக்குப் புதுப்பித்தல் என்ற ஒன்றே இல்லை.

போட வேண்டிய காலம், அட்டை முடியும் தேதிக்கு முந்தைய 90 நாட்கள். அதற்கு முன்பே போட்டால் திருப்பி அனுப்பிவிடுவார்கள். பிந்திப் போட்டால் ஏன் பிந்தியது என்று தக்க காரணத்தை எழுதிக் கொடுக்க வேண்டும். ஏற்பது அதிகாரியின் கையில். நம் கதையில் அம்மா 2024 ஜனவரி 10இல் வந்து இறங்கினார். அட்டை 2026 ஜனவரி 10இல் முடியும். கதவு திறப்பது 2025 அக்டோபர் 12. நான் கேட்டால் திறந்த முதல் வாரத்திலேயே அனுப்பிவிடுங்கள் என்பேன். கையெழுத்தோ ஒரு பக்கமோ விட்டுப்போய் உறை திரும்பி வந்தாலும் மறுபடி அனுப்ப நாள் இருக்கும்.

2024 ஏப்ரல் 1 முதல் கட்டணம் 750 டாலர். முன்பு கைரேகைக்கு ஆளுக்கு 85 டாலர் தனியாக வாங்கினார்கள். இப்போது அது இதற்குள்ளேயே அடக்கம். கட்டணம் மாறக்கூடியது, செலுத்தும் முறையும்கூட. அனுப்பும் நாளன்று யூ.எஸ்.சி.ஐ.எஸ். தளத்தில் ஒருமுறை பார்த்துவிடுங்கள். யூ.எஸ்.சி.ஐ.எஸ். என்பது இந்த மனுக்களைப் பார்க்கும் குடியேற்றத் துறை.

மனு போய்ச் சேர்ந்ததும் ஒரு ரசீதுக் கடிதம் வரும். அட்டையின் ஆயுள் அது முடியும் தேதியிலிருந்து 48 மாதம் நீட்டிக்கப்பட்டதாக அதில் எழுதியிருக்கும். ஒரு காலத்தில் இது 12 மாதம்தான். மனுக்கள் மலையாய்க் குவியக் குவிய 18, 24 என்று ஏறி, 2023 ஜனவரியிலிருந்து 48 ஆனது. எவ்வளவு நாள் காக்க வேண்டியிருக்கும் என்பதை அந்த எண்ணிலிருந்தே ஊகித்துக்கொள்ளலாம். காலாவதியான அட்டையும் இந்தக் கடிதமும் சேர்ந்தால்தான் செல்லுபடியாகும் அத்தாட்சி. வேலையில் காட்டவும், பயணத்துக்கும் இரண்டையும் சேர்த்தே வைத்திருங்கள். சென்னை விமான நிலையத்தில் செக்-இன் கவுன்டரில் இருப்பவர் அட்டையின் தேதியைப் பார்த்து முகம் சுளித்தால் கடிதத்தின் மூலப் பிரதியை நீட்ட வேண்டியிருக்கும். அதைப் பெட்டிக்குள் போட்டுப் பூட்டி அனுப்பிவிடாதீர்கள்.

பையனின் கணக்கு

இப்போது அந்தப் பாதி உண்மைக்கு வருவோம். அம்மாவின் ஐ-751இலேயே பிள்ளையின் பெயரையும் சேர்க்கலாம். அப்படிச் சேர்த்தால் ஒரே மனு, ஒரே கட்டணம். ஆனால் அதற்கு ஒரு தகுதி வேண்டும்: பிள்ளை நிபந்தனை அந்தஸ்து பெற்றது அம்மா பெற்ற அதே நாளிலோ, அதிலிருந்து 90 நாட்களுக்குள்ளோ இருக்க வேண்டும். அதைத் தாண்டினால் பிள்ளைக்குத் தனி ஐ-751, தனி 750 டாலர், தனிக் காலக்கெடு.

நம் ஊர்க் குடும்பங்கள் இதில் எப்படி மாட்டுகின்றன என்று பாருங்கள். அம்மாவுக்கும் பையனுக்கும் ஒன்றாகவே விசா வருகிறது. "நீ முதல்ல போய் செட்டில் ஆகும்மா. பையன் வருஷப் பரீட்சைய முடிச்சுட்டு வரட்டும், நடுவுல டிசி வாங்க வேண்டாம். நான் பார்த்துக்கறேன்" என்று பாட்டி சொல்கிறார். நியாயமான பேச்சு. அம்மா ஜனவரி 10இல் போகிறார். பையன் பரீட்சை, பிறகு சித்தி வீட்டுக் கல்யாணம் எல்லாம் முடித்து மே 5இல் போகிறான். இடைவெளி 116 நாள். ஏப்ரல் 9க்குள் போயிருந்தால் அம்மாவின் மனுவிலேயே அவன் பெயர் ஏறியிருக்கும். இப்போது ஏறாது. அவனுடைய அட்டை 2026 மே 5இல் முடியும். அவன் மனுவுக்கான கதவு 2026 பிப்ரவரி 4இல்தான் திறக்கும்.

ஆபத்து 750 டாலர் அல்ல. அம்மா அக்டோபரில் தன் மனுவைப் போட்டு, அதில் பிள்ளைகள் பட்டியலில் பையன் பெயரையும் எழுதிவிட்டு, எல்லாம் முடிந்தது என்று நிம்மதியாகிவிடுகிறார். ரசீது அவர் பெயருக்கு மட்டும் வருகிறது. அதை யாரும் கவனிப்பதில்லை. மே மாதம் பையனின் அந்தஸ்து சத்தமில்லாமல் முடிந்துபோகிறது. அவனுக்குக் கடவுச்சீட்டு, ஓட்டுநர் உரிமம், கல்லூரி உதவித்தொகை என்று ஏதாவது ஒன்று தேவைப்படும் வருடங்களில்தான் தெரியவரும். அப்போது "ஏன் பிந்தியது" என்று எழுதிக் கொடுத்து மன்றாட வேண்டும். வீட்டில் உள்ள ஒவ்வொருவரின் அட்டையையும் எடுத்து "ரெசிடென்ட் சின்ஸ்" தேதிகளை ஒரு தாளில் எழுதிப் பாருங்கள். ஐந்து நிமிட வேலை.

அமெரிக்காவுக்குள்ளேயே அந்தஸ்து மாற்றிக்கொள்கிறவர்களுக்கும் இதே கணக்குதான். நிச்சயித்த பெண்ணாக கே-1 விசாவில் வந்து, 90 நாளுக்குள் கல்யாணம் செய்து, பிறகு கிரீன் கார்டு பெறுகிறவர்களின் பிள்ளை கே-2வில் வரும். அங்கே வந்த நாள் கணக்கில்லை. கிரீன் கார்டு அனுமதிக்கப்பட்ட நாள்தான் கணக்கு. அம்மாவின் கோப்பும் பிள்ளையின் கோப்பும் வேறு வேறு நாளில் முடியலாம்.

அம்மா இறந்துபோயிருந்தாலும் பிள்ளை தனி மனுதான் போட வேண்டும்.

சுருக்கமாக: 90 என்ற எண் இரண்டு இடத்தில் வருகிறது, குழப்பிக்கொள்ள வேண்டாம். மனுப் போடுவதற்கான 90 நாள், அட்டை முடியும் தேதியிலிருந்து பின்னோக்கி எண்ணுவது. பிள்ளையைச் சேர்க்கலாமா என்பதற்கான 90 நாள், அம்மாவுக்கு அந்தஸ்து கிடைத்த நாளிலிருந்து முன்னோக்கி எண்ணுவது.

ஆல்பம் போதாது

எதை இணைப்பது? நம்மவர்கள் முதலில் எடுப்பது கல்யாண ஆல்பம். மாங்கல்யதாரணம், ரிசப்ஷன், மூன்று பட்டுப்புடவை மாற்றம், நானூறு பேர் பந்தி. அதிகாரிக்கு அது கல்யாணம் நடந்ததைத்தான் காட்டும். கல்யாணம் நடந்ததில் அவருக்குச் சந்தேகமே இல்லை. அதன்பிறகு ஒரே குடும்பமாக வாழ்ந்தீர்களா என்பதே அவர் பார்ப்பது. அதற்கு ஆல்பத்தைவிட மின்சார பில் நன்றாகப் பேசும்.

வரிக் கணக்கைச் சேர்ந்து தாக்கல் செய்திருந்தால் அமெரிக்க வரித்துறையான ஐ.ஆர்.எஸ். தரும் டிரான்ஸ்கிரிப்ட், அதாவது அந்தக் கணக்கின் சுருக்கப் பதிவு, வலுவான சான்று. இருவர் பெயரிலும் உள்ள வீட்டு வாடகை ஒப்பந்தம் அல்லது வீட்டுக் கடன், சம்பளம் வந்து மளிகைச் செலவு போகும் கூட்டு வங்கிக் கணக்கு, ஒருவர் மற்றவரை வாரிசாகக் குறித்த ஆயுள் காப்பீடு, இந்தக் கல்யாணத்தில் பிறந்த குழந்தையின் பிறப்புச் சான்றிதழ். வங்கிக் கணக்கு என்றால் இரண்டு வருடமும் ஓடிய கணக்கு வேண்டும். மனு அனுப்புவதற்கு முந்தின மாதம் திறந்து ஆயிரம் டாலர் போட்டுவைத்த கணக்கு உதவுவதைவிட உறுத்தும். இருவரையும் நன்றாக அறிந்தவர்கள் எழுதிக் கொடுக்கும் உறுதிமொழிக் கடிதங்களும் சேர்க்கலாம். "இவர்கள் ஆதர்ச தம்பதி" என்று எழுதுவதில் பயனில்லை. எப்போது எங்கே பார்த்தோம், என்ன நடந்தது என்று எழுதினால் பயன்.

மறுமணத்தில் வந்த பிள்ளை இங்கே பெரிய பலம், பலர் இதைப் பயன்படுத்துவதே இல்லை. பள்ளியின் அவசரத் தொடர்புப் படிவத்தில் புதிய அப்பாவின் பெயரும் கைபேசி எண்ணும் இருக்கிறதா? அவருடைய அலுவலக மருத்துவக் காப்பீட்டில் பையன் பெயர் இருக்கிறதா? வரிக் கணக்கில் பையனைத் தன்னைச் சார்ந்தவனாகக் காட்டியிருக்கிறாரா? பல் மருத்துவரின் பில், கோடை முகாமின் ரசீது, கூடைப்பந்துப் பயிற்சிக்கு அவர் போட்ட கையெழுத்து... வேறொருவரின் பிள்ளையை இரண்டு வருடம் பள்ளிக்குக் கூட்டிப்போய் விட்டுவருவதைக் காகிதத்துக்காக யாரும் செய்வதில்லை என்பது அதிகாரிக்கும் தெரியும்.

பெயரில் நமக்கென்று ஒரு வில்லங்கம் உண்டு. நமக்கு இனிஷியல்தான், குடும்பப் பெயர் கிடையாது. கடவுச்சீட்டில் குடும்பப் பெயர் காலியாக இருந்தால் விசாவில் முன்பெயர் இடத்தில் "எஃப்.என்.யூ." என்று விழும், பெயர் தெரியவில்லை என்று அர்த்தம். மனைவியின் கடைசிப் பெயர் அவருடைய அப்பா பெயர். பையனின் கடைசிப் பெயர் அவனைப் பெற்ற அப்பாவின் பெயர். கணவரின் கடைசிப் பெயர் இன்னொன்று. ஒரே வீட்டில் மூன்று பேருக்கு மூன்று கடைசிப் பெயர். வங்கியில் ஒரு மாதிரி, பள்ளியில் ஒரு மாதிரி எழுதியிருந்தால், அதிகாரி குழம்பாதபடி ஒரு பக்கக் கடிதத்தில் தமிழ்ப் பெயர் வழக்கத்தை விளக்கி, எந்தப் பெயர் யாருடையது என்று எழுதி மேலே வையுங்கள். பெயர் வேறாக இருப்பது குற்றமில்லை.

காகிதங்கள் போதும் என்று பட்டால் நேர்காணல் இல்லாமலே முடித்துவிடுவார்கள். போதாது என்றால் கூடுதல் சான்று கேட்டுக் கடிதம் வரும், அல்லது இருவரையும் நேரில் கூப்பிடுவார்கள்.

"நான் கையெழுத்துப் போடலேன்னா?"

"நான் ஒரு போன் போட்டாப் போதும், உன் கார்டு கேன்சல். உன்னையும் பையனையும் ஊருக்கு அனுப்பிடுவேன்." சண்டை முற்றிய வீடுகளில் கேட்கும் வசனம் இது. கிரீன் கார்டை ரத்து செய்யும் அதிகாரம் கணவருக்குக் கிடையாது. அவரால் செய்ய முடிந்தது ஒன்றுதான்: கூட்டு மனுவில் கையெழுத்துப் போடாமல் இருப்பது. அதற்கும் சட்டத்தில் வழி இருக்கிறது.

கூட்டுக் கையெழுத்து இல்லாமல் தனியாக மனுப் போட அனுமதிப்பதை விலக்கு என்பார்கள். படிவம் அதே ஐ-751தான். நான்கு காரணங்களில் ஏதாவது ஒன்று வேண்டும். துணை இறந்துவிட்டார். அல்லது கல்யாணம் உண்மையானது, ஆனால் விவாகரத்திலோ செல்லாது என்ற தீர்ப்பிலோ முடிந்துவிட்டது. அல்லது கல்யாணம் உண்மையானது, ஆனால் துணை அடித்தார், அல்லது கடுங்கொடுமை செய்தார். அல்லது நாட்டைவிட்டு அனுப்பினால் மிகக் கடுமையான இன்னலுக்கு ஆளாக நேரிடும். இந்த விலக்கு மனுவுக்கு அந்த 90 நாள் கதவு கிடையாது; காரணம் ஏற்பட்டதும் போடலாம். அம்மாவோடு வந்த பிள்ளையை இதிலும் சேர்க்கலாம்.

கொடுமைக்கான விலக்கு 1986 சட்டத்தில் இல்லை. அடிபட்டும் கையெழுத்துக்காகப் பல்லைக் கடித்துக்கொண்டு இருந்த பெண்களின் நிலை வெளியே வந்தபின் 1990இல்தான் சேர்த்தார்கள். இதற்கு விவாகரத்து ஆகியிருக்க வேண்டியதில்லை. அடி மட்டுமே கொடுமை என்றும் இல்லை. மிரட்டல், அடைத்துவைத்தல், பணமும் போனும் இல்லாமல் வைத்திருத்தல் என்று தொடர்ந்து நடப்பதையும் எடுத்துக்காட்டலாம். கணவர் மனைவியை விட்டுவிட்டுப் பிள்ளையைக் கொடுமை செய்திருந்தாலும் இந்த வழி திறந்தே இருக்கும். இப்படிக் கொடுத்த மனுவின் விவரத்தைத் துறை கணவரிடம் சொல்லக் கூடாது என்பது சட்டம். குடும்ப வன்முறைக்கான தேசிய உதவி எண் 1-800-799-7233. மொழிபெயர்ப்பாளர் வேண்டும் என்று கேட்கலாம்.

விவாகரத்து வழியில் போகிறவர்களுக்கு ஒரு சிக்கல். விலக்கு கேட்க இறுதித் தீர்ப்பு கையில் வேண்டும். பிரிந்து வாழ்கிறோம், வழக்கு நடக்கிறது என்பது மட்டும் போதாது. வழக்கு நடக்கும்போதே மனுவைப் போட்டால், தீர்ப்பின் நகலைக் குறித்த காலத்துக்குள் அனுப்பச் சொல்லி அவகாசம் தருவார்கள். கூட்டாகப் போட்டபின் விவாகரத்தானால், அந்த மனுவையே விலக்கு மனுவாக மாற்றிக்கொள்ளச் சொல்லிக் கேட்கலாம். பிரிந்து வாழும் தம்பதி இன்னும் சட்டப்படி கணவன் மனைவிதான் என்பதால், துணை ஒத்துக்கொண்டால் கூட்டு மனுவே போடலாம். ஆனால் பிரிந்திருப்பதை மறைத்து ஒரே முகவரி என்று எழுதக் கூடாது. இந்தப் பத்தியில் உள்ள ஏதாவது ஒன்று உங்கள் நிலை என்றால் குடியேற்ற லாயரைப் பார்க்காமல் படிவத்தைத் தொடாதீர்கள்.

மனு நிராகரிக்கப்பட்டாலும் அன்றே விமானத்தில் ஏற்றுவதில்லை. குடியேற்ற நீதிமன்றத்துக்கு அழைப்பு வரும். அங்கே நீதிபதி புதிதாகப் பார்ப்பார். கூட்டு மனுவில் சொன்னவை பொய் என்று நிரூபிக்கும் பொறுப்பு அங்கே அரசின் தலையில்.

அடுத்த படி: பையன் எப்போது குடிமகன்?

குடிமகனோடு சேர்ந்து வாழும் துணை, கிரீன் கார்டு கிடைத்து மூன்று வருடத்தில் குடியுரிமைக்கு விண்ணப்பிக்கலாம், மற்றவர்களுக்கு ஐந்து. அந்த விண்ணப்பம் என்-400. மூன்று வருடம் நிறைவதற்கு 90 நாள் முன்பே போடலாம். ஐ-751 இன்னும் தூங்கிக்கொண்டிருந்தாலும் என்-400 போடத் தடையில்லை. ஆனால் ஐ-751 முடிவாகாமல் குடியுரிமை தர மாட்டார்கள். அதனால் பல ஊர்களில் இரண்டையும் ஒரே நேர்காணலில் முடித்துவிடுகிறார்கள்.

பையன் விஷயத்தில் பெரும்பாலோர் தலைகீழாக நினைக்கிறார்கள். அப்பா அமெரிக்கக் குடிமகன், எனவே பையனும் சீக்கிரம் குடிமகனாகிவிடுவான் என்று. அந்த அப்பா வழியாக ஆக மாட்டான். 2001 பிப்ரவரி 27 முதல் நடப்பில் உள்ள சட்டப்படி, 18 வயதுக்குட்பட்ட, கிரீன் கார்டுள்ள பிள்ளை குடிமகனான தாய் அல்லது தந்தையின் பொறுப்பில் அமெரிக்காவில் வாழ்ந்தால் தானாகவே குடிமகனாகிவிடும். ஆனால் இங்கே பெற்றவரும் சட்டப்படி தத்தெடுத்தவரும் மட்டுமே கணக்கு. கல்யாணத்தால் வந்த மாற்றாந்தந்தை கணக்கில் வர மாட்டார். கிரீன் கார்டுக்கு அப்பாவாக இருந்தவர் குடியுரிமைக்கு அப்பா ஆவதில்லை.

பையனுக்கான பாதை அம்மா வழியாக. அம்மா குடியுரிமை உறுதிமொழி எடுக்கும் நாளில் அவனுக்கு 18 ஆகாமல் இருந்து, அவனிடம் கிரீன் கார்டு இருந்து, அம்மாவின் பொறுப்பில் அவரோடு வாழ்ந்தால், அவனும் அந்த நாளிலேயே குடிமகன். தனி விண்ணப்பம், தேர்வு, உறுதிமொழி எதுவும் வேண்டாம். 18 தாண்டிவிட்டால் ஐந்து வருடக் கணக்கில் தானே விண்ணப்பிக்க வேண்டும். பதின்மூன்று பதினான்கு வயதில் பிள்ளையோடு வருகிறவர்கள் மூன்று வருடம் ஆனதும் என்-400ஐத் தள்ளிப்போடக் கூடாது என்பதற்கு இதுவே காரணம்.

நம் பையன் வந்து இறங்கியபோது அவனுக்கு ஒன்பது, பத்து வயதுதான் இருக்கும். நாள் நிறைய இருக்கிறது. ஆனால் தானாகக் குடிமகனானதை யாரும் கடிதம் போட்டுச் சொல்ல மாட்டார்கள். அம்மாவின் குடியுரிமைச் சான்றிதழ், பையனின் பிறப்புச் சான்றிதழ், அவனுடைய கிரீன் கார்டு, அவன் அம்மாவின் பொறுப்பில் இருக்கிறான் என்று சொல்லும் விவாகரத்துத் தீர்ப்பின் நகல் ஆகியவற்றோடு நேராக அமெரிக்கக் கடவுச்சீட்டுக்கு விண்ணப்பித்துவிடலாம். என்-600 என்ற படிவம் போட்டுத் தனிக் குடியுரிமைச் சான்றிதழும் வாங்கலாம். அதற்குப் பணமும் அதிகம், காத்திருப்பும் அதிகம். கோயம்புத்தூர் குடும்பநல நீதிமன்றத் தீர்ப்பு தமிழில் இருந்தால் ஆங்கில மொழிபெயர்ப்பும், மொழிபெயர்த்தவரின் கையெழுத்திட்ட சான்றும் வேண்டும்.